மலை பார்க்க ஒரு கண்ணாடிக் கூண்டு

1886, ஜூலை மாதம். கனடாவின் முதல் பிரதமர் ஜான் மெக்டொனால்டின் மனைவி ஆக்னஸ், ராக்கி மலையில் லகன் என்ற நிலையத்தில் தன் சொகுசுப் பெட்டியை விட்டு இறங்கினார். நேராகப் போய் எஞ்சினின் முன்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தண்டவாளத்தில் குறுக்கே வரும் மாடுகளைத் தள்ளிவிட எஞ்சின் முகப்பில் ஒரு சட்டம் பொருத்தியிருப்பார்கள். அதற்கு மேலே ஒரு மெழுகுவர்த்திப் பெட்டியைப் போட்டு, அதையே நாற்காலியாக்கிக்கொண்டார். பசிபிக் கரைவரை கிட்டத்தட்ட 600 மைல். அதில் பெரும்பகுதியை அப்படியேதான் கடந்தார். மறுவருடம் லண்டன் பத்திரிகை ஒன்றில் அதைக் கட்டுரையாகவும் எழுதினார்.

கிறுக்குத்தனமாகத் தெரியலாம். ஆனால் அவருடைய பிரச்சினை உண்மையானது. ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்தால் மலை முழுசாகத் தெரியாது. ஜன்னல் அளவுக்கு நறுக்கிய துண்டு ஒன்று பக்கவாட்டில் ஓடும், அவ்வளவுதான். உச்சியைப் பார்க்கவும் முடியாது, எதிரே வருவதைப் பார்க்கவும் முடியாது.

கனேடியன் பசிபிக் ரயில்வேக்கு இது வியாபாரப் பிரச்சினையும்கூட. பாதை போட்டாயிற்று, ஆனால் அந்த மலைகளில் பயணம் செய்ய ஆட்கள் ரொம்பக் குறைவு. இருப்பது காட்சி மட்டும்தான், அதையே விற்கலாம் என்று கணக்குப் போட்டார் நிறுவனத்தின் வில்லியம் வான் ஹார்ன். ஃபீல்டு என்ற ஊருக்கு மேலே இருந்த சரிவு 100 அடிக்கு நாலரை அடி. கனமான உணவுப் பெட்டியை அதில் இழுப்பது வீண்செலவு. அதனால் மலையிலேயே சாப்பாட்டு விடுதிகள் கட்டினார்கள். சாப்பிட இறங்கியவர்கள் தங்கவும் ஆரம்பித்தார்கள். 1888இல் பான்ஃப் நகரில் பெரிய ஓட்டலே வந்துவிட்டது.

அடுத்து பெட்டியையே மாற்ற வேண்டும். வின்னிபெக்கைச் சேர்ந்த டி. ஜே. மெக்பிரைட் 1891இல் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பெட்டியின் இரண்டு முனைகளிலும் நடுவிலும் கூரைக்கு மேல் எழும்பி நிற்கும் கண்ணாடிக் கூண்டுகள். இந்த யோசனையை வைத்து 1902இல் கனேடியன் பசிபிக் பெட்டி கட்டி, ராக்கி மலைப் பாதையில் ஓட்டியது. ஆனால் அது நீடிக்கவில்லை. நிலக்கரி எஞ்சினுக்குப் பின்னால் கூரைக்கு மேலே கண்ணாடி வைத்தால் அதில் முதலில் படிவது கரிதான்.

இந்தக் கூண்டு ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததல்ல. வட அமெரிக்கச் சரக்கு ரயில்களின் கடைசிப் பெட்டியில் ஏற்கனவே இப்படி ஒன்று இருந்தது. ஊழியர்கள் அதில் ஏறி உட்கார்ந்து, முன்னால் போகும் வண்டிகளில் எங்காவது புகை வருகிறதா, அச்சு சூடாகிறதா என்று கண்காணிப்பார்கள். பிற்பாடு, 1944இல், ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரி சைரஸ் ஆஸ்போர்ன் கொலராடோவின் கிளென்வுட் பள்ளத்தாக்கில் டீசல் எஞ்சின் ஓட்டுநர் அறையில் உட்கார்ந்து போனார். பயணிகளுக்கும் இந்தக் காட்சி கிடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மறுவருடமே பர்லிங்டன் ரயில்வே 'சில்வர் டோம்' பெட்டியை ஓடவிட்டது. நீராவி போய் டீசல் வந்திருந்ததால் இம்முறை கண்ணாடிக் கூரை நிலைத்தது. 1955இல் கனேடியன் பசிபிக்கும் அதற்குத் திரும்பியது.

கவனித்தால் ஒன்று புரியும். எஞ்சின் முகப்பு, கடைசிப் பெட்டிக் கூண்டு, ஓட்டுநர் அறை: எல்லாமே வேலை நடக்கும் இடங்கள். ரயிலில் நல்ல காட்சி எப்போதும் வேலை செய்பவன் பக்கம்தான் இருந்தது. பயணிக்கு விற்கப்பட்டது அந்த இருக்கையின் நகல்.

பாதையையே போட்டவர்கள் கதை வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஆக்னஸ் கடலை நோக்கி இறங்கிய ஃபிரேசர் பள்ளத்தாக்கில், பாறையை வெடிவைத்துத் தகர்த்தவர்களில் பெரும்பாலோர் தென்சீனத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். மாகாணம் முழுக்க சுமார் 15,000 பேர். நாளுக்கு ஒரு டாலர் கூலி, வெள்ளையருக்கு அதைவிட அதிகம். குறைந்தது 600 பேர் இறந்திருப்பார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1885 நவம்பர் 7ஆம் தேதி கடைசி ஆணி அடித்தபோது எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் அவர்களில் ஒருவரையும் பார்க்க முடியாது.

அதே ஆண்டு கனடாவுக்குள் வரும் சீனர்களுக்கு 50 டாலர் தலைவரி போட்டார்கள். 1900இல் கொண்டுவந்த சட்டம் அதை 100 ஆக்கியது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் 500 ஆக்கியது. ஒரு சீனத் தொழிலாளியின் கிட்டத்தட்ட இரண்டு வருடச் சம்பளம் அது. அதாவது, பயணிகள் மலையை முழுசாகப் பார்க்கட்டும் என்று கூரையில் கண்ணாடி வைத்த மறுவருடம். 1923இல் கதவையே சாத்திவிட்டார்கள். அரசின் மன்னிப்பு வந்தது 2006இல்.

காட்சிப் பெட்டிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் கண்ணாடி எவ்வளவு உயர்ந்தது என்றுதான் எழுதுகிறார்கள். அந்தக் கண்ணாடி வழியாக எல்லோரும் மேலேதான் பார்த்தார்கள். பாதை போட்டவர்களின் உழைப்பு சக்கரத்துக்கு அடியில் கிடந்தது.