கேட்கும் கலை

'கேள்' என்ற தமிழ்ச் சொல்லுக்கு இன்றைய வழக்கில் இரண்டு பொருள். வினவு என்பது ஒன்று. காது கொடு என்பது மற்றொன்று. பேட்டி காணப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பொருளை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, எதிரே இருப்பவர் ஒரு பதிலை முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். கதைகளில் பாத்திரங்களைப் பேச வைத்துப் பிழைக்கிறவன் நான். ஆகையால், இந்தக் கேட்கும் கலை நமது வானொலிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று அறிவதில் எனக்கு ஒரு தனி ஆசை. அந்த வரலாற்றின் ஓர் அத்தியாயம் இராமநாதபுரம் மாவட்டத்துப் பாம்பனில் இருக்கிறது.

1924-ல் சென்னையில் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு வருஷம் திருச்சி நிலையமும் பிறந்தன. அந்த நாளில் வானொலிப் பேச்சு என்றால், எழுதிக்கொண்டு வந்து வாசிப்பதுதான். அதனால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். 1960-களில் வானொலியில் கேட்டுப் பயிரிட்ட ஏ.டி.டி. 27 நெல்லுக்குத் தஞ்சை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! ஆனாலும் சொல்கிறவர் நிலையத்தில், கேட்கிறவர் வயலில்.

இராமேசுவரத்துக் கரைக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். இலங்கை வானொலி அதைத் தாண்டித் தமிழ்நாடெங்கும் ஒலித்தது. எஸ். பி. மயில்வாகனமும் பி. எச். அப்துல் ஹமீதும் பேசினால், பெருங்கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்வதுபோல் இராது. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நம்மோடு பேசுவதுபோல் இருக்கும்.

அடுத்த திருப்பம் விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? 1993-ல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் நடத்திய போட்டியை யார் ஒளிபரப்புவது என்று வழக்கு மூண்டது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. கருவி சிறியதுதான்: 100 வாட் சக்தி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டினால் அதிகம். நிபந்தனைதான் பெரியது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கோடு உருவாக வேண்டும். அதாவது, ஊரைப் பேச வைக்கத் தெரியாதவர் நிலையம் நடத்த முடியாது.

2016 ஆகஸ்டு 15-ஆம் தேதி பாம்பனில் 'கடல் ஓசை', 90.4 பண்பலையில் ஒலிக்கத் தொடங்கியது. மீனவர்களுக்கான வானொலி அது. 'சமுத்திரம் பழகு' என்று ஒரு நிகழ்ச்சி. விஷயம் பருவநிலை மாற்றம். "பருவநிலை மாற்றம் குறித்துத் தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று ஒரு மீனவரைக் கேட்டுப் பாருங்கள். "நமக்கென்ன தெரியும், தம்பி?" என்று சொல்லிவிட்டு அவர் வலையைப் பிரிக்கப் போய்விடுவார். "அண்ணே, கச்சான் காத்து முன்னெல்லாம் எப்ப கிளம்பும்? இப்ப எப்ப கிளம்புது?" என்று கேளுங்கள். காற்று, நீரோட்டம், எத்தனை பாகத்தில் எந்த மீன் கிடைத்தது, அது எந்த வருஷத்திலிருந்து கிடைக்கவில்லை என்று எல்லாம் வரும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களிடம் அந்த விரல்களைப் பற்றிக் கேட்டால் போதும். பாறையும் பசியும், 1986-ல் தேசியப் பூங்காவாகிவிட்ட 21 தீவுகளும் தாமாகவே பேச்சில் வந்து சேரும்.

வானொலிக்கு மௌனம் என்றால் பயம். கடல்காரர்களோ யோசித்துப் பேசுகிறவர்கள். நடுவே அவர்கள் நிறுத்தினால் நாமும் நிறுத்த வேண்டும். நல்ல வார்த்தை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். அரசியல் செய்திகளும் விவாதங்களும் சமுதாய வானொலிக்கு விலக்கு. கடல் எல்லையைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நடக்கிற கரையில், எந்தக் கேள்வியோடு நிற்பது என்பதும் கற்க வேண்டிய பாடம்.

இன்று இதற்கு அனுமதிச் சீட்டுகூட வேண்டாம். 2004-லேயே லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் 'பாட்காஸ்ட்' என்ற சொல் பிறந்துவிட்டது. இப்போது கைத்தொலைபேசி இருந்தால் போதும். மேல்நாட்டில் ஓர் இளைஞர், சக்கரப் பலகையில் சறுக்கி வித்தை காட்டுகிறவரை உட்கார வைத்து மணிக்கணக்காகப் பேசுகிறார். பலகையானால் என்ன, படகானால் என்ன? வென்ற கதையை எவரும் தாமே சொல்லிவிடுவார். விழுந்த கதையைச் சொல்ல, எதிரே பொறுமையுள்ள ஒருவர் வேண்டும்.

பாம்பனில் அந்தப் பொறுமைக்கு நடுவே ஓர் அவசரமும் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த ஊருக்குச் சென்ற பயணிகள் ரயிலையும் கடல் கொண்டது. அன்று பத்து வயதாயிருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். புயலின் வேகம் ஏடுகளில் இருக்கிறது. காற்று மாறியதை எந்த அடையாளத்தால் அறிந்தார்கள், யார் யாரைக் கைப்பிடித்து எந்த மேட்டுக்கு இழுத்தார்கள் என்பதெல்லாம் இந்த முதியவர்களின் நெஞ்சில் இருக்கிறது. கேட்க ஆள் வராவிட்டால் அவர்களோடு அதுவும் போய்விடும்.

பழந்தமிழில் 'கேள்' என்பதற்கு உறவு என்று மூன்றாவது பொருளும் உண்டு. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறவருக்கு அந்த மூன்றாவதும் வாய்க்கிறது.