விதிவிலக்கும் அரசும்: இந்திய ஆயுதச் சட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சட்டமொன்று எதனைத் தடைசெய்கின்றது என்பதை மட்டும் நோக்குவோர் அதன் ஒரு பாதியையே காண்கின்றனர். அத்தடையிலிருந்து யாரை விலக்குகின்றது என்பதை ஆராயும்போதே அதன் வர்க்கப் பண்பு புலனாகும். பொலிசார் ஆயுதந் தரிப்பதற்கான விதிவிலக்கினை இந்திய ஆயுதச் சட்டங்களின் வரலாற்றில் வைத்து நோக்குவதே இங்கு எமது முயற்சியாகும்.

1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சி அடக்கப்பட்டபின், 1861இல் பொலிஸ் சட்டம் இயற்றப்பட்டது. 1878இல், லிற்றன் பிரபு இராஜப்பிரதிநிதியாக இருந்த காலத்தில், சுதேசமொழிப் பத்திரிகைச் சட்டமும் ஆயுதச் சட்டமும் ஒரே ஆண்டில் வந்தன. இது தற்செயலானதன்று. மக்கள் அனுமதிப்பத்திரமின்றி ஆயுதம் ஏந்துவதைத் தடுத்த அச்சட்டத்தின் முதலாம் பிரிவே, அரச ஊழியர் தமது கடமையின்போது ஆயுதம் தாங்குவதை அதன் எல்லைக்கு அப்பால் வைத்தது. 27ஆம் பிரிவோ, எவருக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை ஆட்சியாளருக்கு வழங்கிற்று. அதன் பயனாக ஐரோப்பியர் அனுமதிப்பத்திரமின்றியே ஆயுதம் வைத்திருந்தனர்.

எனவே விதிவிலக்குகள் இருவகைப்பட்டன: ஒன்று பதவி பற்றியது, மற்றது இனம் பற்றியது. தேசிய இயக்கத்தின் சினம் பெரிதும் பின்னதன்மீதே பாய்ந்தது. முதலாம் உலகப்போரை அடுத்து இனவழிச் சலுகை நீக்கப்பட்டது. ஆயின் பட்டம் பெற்றோர், சட்டசபை உறுப்பினர் முதலியோருக்கான சலுகைகள் நிலைத்தன. இனத்தின் இடத்தில் வர்க்கம் வெளிப்படையாக அமர்ந்தது எனலாம். 1931இல் கராச்சிக் காங்கிரஸ், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகப் பிரகடனஞ் செய்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே இடம்பெற்றது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1878இன் சட்டத்தை நீக்கிற்று. விசையை அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளையும், நச்சுவாயுவை வெளியேற்றும் கருவிகளையும் அது தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள் என வகுத்தது. ஆயினும் அதன் 45ஆம் பிரிவு, அரச ஊழியர் கடமையின்போது ஆயுதம் தாங்குவதைப் பழைய சட்டத்தைப் போன்றே விலக்கி வைத்தது. ஆட்சி மாறிற்று, வாசகம் மாறவில்லை.

ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் எந்த அரசுக்கும் இத்தகைய விலக்குத் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. கடமையின் எல்லையை வரையறுப்பவர் யார் என்பதே எமது வினா. ஆயுதச் சட்டம் ஆயுதத்தைக் கையில் வைக்கின்றது. கூட்டங்களைக் கலைக்கையில் அதனைப் பிரயோகித்தோர்மீது அரசின் முன்னனுமதியின்றி வழக்குத் தொடரலாகாது என 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு விதித்தது. 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் அதனைப் பேணியுள்ளது. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். இறந்தோரின் உறவினர் நீதி தேடிச் செல்லும் வழியில் இவ்விரு விலக்குகளும் இணைந்தே நிற்கின்றன. முன்னதை ஏற்றுக்கொள்ளும் சமுதாயம் பின்னதைக் கேள்விக்குட்படுத்துவது அவசியமென்பதே எமது துணிபு.