கல்லைப் படித்தவர்கள் நிலவுக்குக் காட்டிய வழி

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறும்போது, சாலைக்காக வெட்டிய மலைச்சரிவில் கருஞ்சாம்பல் நிறப் பாறை தெரியும். சார்னோக்கைட் என்பது அதன் பெயர். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. சென்னை பரங்கிமலையிலும் இதே பாறைதான். "இது எப்படி வந்தது?" என்று கேட்கும் பிள்ளைக்கு நிலவியல் என்றொரு படிப்பு இருக்கிறது. (நிலவைப் பற்றியது அல்ல, நிலத்தைப் பற்றியது.) நாம் பேசிப் பார்த்த பெற்றோர் பலரும், "படித்தால் வேலை கிடைக்குமா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதன் ஒரு கிளை கோள் நிலவியல். நிலவுக்கோ செவ்வாய்க்கோ போகாமல், விண்கலம் அனுப்பும் படங்களிலிருந்தே அங்குள்ள நிலத்தைப் படிப்பது. 2008-இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 கேமரா நிலவை 5 மீட்டர் நுணுக்கத்தில் படம்பிடித்தது. சந்திரயான்-2 கேமராவுக்கு அது கால் மீட்டர். பள்ளங்கள் அதிகமுள்ள தரை பழையது, குறைந்தது புதியது. ஒவ்வொரு கனிமமும் ஒளியில் தனக்குரிய அலைநீளங்களை விழுங்கும். அதை வைத்துக் கனிமத்தைக் கண்டுபிடிப்பார்கள். சரிபார்க்க, அதே வகைக் கல் பூமியில் வேண்டும்.

அந்தக் கல் நம் நாமக்கல் மாவட்டத்தில் கிடைத்தது. சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் துணைநின்றனர். இஸ்ரோ அதைப் பொடியாக்கி, நிலவு மண்ணைப்போல் பரப்பி, தரையிறங்கும் கலத்தையும் ஊர்தியின் சக்கரங்களையும் சோதித்தது. 2020-இல் அந்த மண்ணுக்குக் காப்புரிமையும் பெற்றது. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 தரையிறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த எத்தனை பேருக்கு இது தெரியும்?

எகிப்தில் பிறந்த ஃபாரூக் அல்பாஸ் 1964-இல் அமெரிக்காவில் நிலவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியபோது அவரை வேதியியல் கற்பிக்கச் சொன்னார்கள். மீண்டும் அமெரிக்கா போனவர், அப்பல்லோ கலங்கள் இறங்க இடம் தேர்ந்தார்; எதைப் படமெடுக்க வேண்டும் என்று விண்வெளி வீரர்களுக்குக் கற்பித்தார். பிற்காலத்தில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பாலைவனங்களில் நிலத்தடி நீர் தேடினார்.

பிளஸ் டூவில் அறிவியல் எடுத்த பிள்ளைகள் சென்னை மாநிலக் கல்லூரியிலோ தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலோ பி.எஸ்சி. நிலவியல் சேரலாம். எம்.எஸ்சி. முடித்து, நெட் அல்லது கேட் தேர்வெழுதினால், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்கு முயலலாம். அங்கே இடங்கள் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். கிடைக்காதவர்களுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை, சுரங்கம், நிலத்தடி நீர் ஆய்வு ஆகியவை உண்டு. போடிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட முறைப்படி இடம் பார்த்துச் சொல்வதும் இதே படிப்புதான்.