மேலெறிந்த பந்தில் எத்தனை விசைகள்?

பந்தொன்றை நேர் மேலே எறிகிறோம். கையை விட்டு நீங்கிய பிறகு அதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை ஒன்றே. ஆனால் இளநிலை இயற்பியல் மாணவர்களில் பலர், கை கொடுத்த விசையும் பந்தோடு கூடவே சென்று மெல்லக் குறைகிறது என்பார்கள். பந்து எட்டும் உயரத்தையும் அதற்காகும் நேரத்தையும் பிழையின்றிக் கணக்கிடுபவர்களும் இவர்களே.

இந்த முரண்பாட்டை அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனெஸ். இப்ராஹிம் ஹல்லூனுடன் 1985இல் வெளியிட்ட ஆய்வைத் தொடர்ந்து, 1992இல் வேறு இருவருடன் சேர்ந்து ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’ என்னும் வினாத்தொகுப்பை உருவாக்கினார். 1995இல் திருத்திய வடிவில் 30 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. அதன் உயிர் தவறான விடைகளில் இருக்கிறது. அவை வினா எழுதியவரின் கற்பனையில் பிறந்தவை அல்ல. மாணவர்கள் தம் சொற்களிலேயே எழுதியும் பேசியும் வெளிப்படுத்திய நம்பிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. எனவே ஒரு மாணவி தவறும்போது, எந்த நம்பிக்கையிலிருந்து தவறுகிறாள் என்பதும் தெரிந்துவிடுகிறது. நம் பருவத் தேர்வு வினாத்தாளால் இதைச் சொல்ல முடியாது.

ஹார்வர்டில் எரிக் மாசூர் தம் மாணவர்களுக்கு இத்தகைய வினாக்களைக் கொடுத்தபோது, நீங்கள் கற்பித்தபடி விடையளிக்கவா, நான் நினைக்கிறபடி விடையளிக்கவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கற்றல் மதிப்பீடு பற்றி நான் அறிந்த கேள்விகளில் இதைவிட நேர்மையானது வேறில்லை. மாசூர் தம் கற்பித்தல் முறையையே மாற்றினார். மாணவர்கள் அருகிலிருப்பவரோடு வாதிட்டு விடை காணும் அந்த முறையை 1997இல் நூலாக்கினார்.

அடுத்த ஆண்டு இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளின், 6542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். பாடம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் இத்தகைய கருத்துத் தேர்வு ஒன்றே நடத்தப்பட்டது. முதலில் 40 விழுக்காடு பெற்ற வகுப்பு பிறகு 55 பெற்றால், முன்னேற இடமிருந்த 60இல் 15 முன்னேறியிருக்கிறது. அதன் ஈட்டம் 0.25. விரிவுரையை மட்டும் நம்பிய வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23. மாணவர்கள் விவாதித்து உடனுக்குடன் திருத்தம் பெற்ற வகுப்புகளில் அது 0.48. ஆசிரியர்கள் விரும்பி அளித்த தரவுகள் என்பதால் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் இடைவெளி பெரிது.

தமிழகக் கல்லூரிகளில் கற்றல் விளைவுகளை இப்போது முறையாகவே பதிவு செய்கிறோம். வினாக்களுக்குக் கே1, கே2 என்று அறிதல் படிநிலை குறிக்கிறோம். அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்ற மதிப்பெண்களிலிருந்து எய்துநிலையைக் கணக்கிட்டு அட்டவணையில் இடுகிறோம். உழைப்பு மிகுதி. ஆனால் தொடக்கத்தில் மாணவர் எங்கே நின்றார் என்பது அந்த அட்டவணையில் இல்லை. பத்தாண்டு வினாத்தாள்களைப் பயின்று பெற்ற மதிப்பெண்ணை எந்தச் சூத்திரத்தில் இட்டாலும் புரிதலின் அளவு அதிலிருந்து வெளிப்படாது.

செய்முறைத் தேர்வில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. கூட்டு ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்கு அருகே வந்தால் மதிப்பெண்; 9.4 வந்தால் மாணவர் அஞ்சி அளவீட்டைத் திருத்துகிறார். அந்த 9.4இல் எவ்வளவு பிழை இருக்கலாம், அது எங்கிருந்து வந்திருக்கும் என்று விளக்கச் சொல்லி, அந்த விளக்கத்துக்கே மதிப்பெண் தரலாம். சோதனைக்கூடம் கற்பிக்க வேண்டியது அதைத்தான்.

எழுத்துத் தேர்வு காட்டாத புரிதலை அறிய நம் கல்லூரிகளிலும் கருத்துத் தேர்வு நடத்தலாம். ஆனால் அதை மதிப்பெண்ணோடு இணைக்கவே கூடாது. இணைத்த மறுநாளே அதற்கும் வழிகாட்டி நூல் வந்துவிடும். அமெரிக்கத் தொகுப்பை அப்படியே எடுத்துக்கொள்வதும் போதாது. பள்ளியில் தமிழ்வழி பயின்றவர் ஆங்கில வினாவில் தவறினால், தடுமாறியது மொழியிலா இயற்பியலிலா என்று பிரித்தறிய இயலாது. வினாக்கள் இரு மொழிகளிலும் வேண்டும். தவறான விடைகளை நம் மாணவர்கள் எழுதியவற்றிலிருந்தே திரட்ட வேண்டும். முதலாண்டு இயக்கவியல் வகுப்பில் விடைகளை விளக்கத்தோடு எழுதச் சொல்லி, பெயர் நீக்கித் தொகுத்து வைத்தால், ஒரு துறையே சில ஆண்டுகளில் இதைச் செய்து முடிக்கலாம்.