உப்பு ஏறிய வழி, நீர் இறங்கிய வழி

ஜவ்வாது மலையில் ஊற்றெடுத்து, செங்கத்தின் அருகே சமவெளியைத் தொட்டு, வடகிழக்காகத் திரும்பித் திருவத்திபுரத்தைக் கடந்து, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கின்ற செய்யாறு, வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடந்தாலும், வட தமிழ்நாட்டுப் பிரயாணிகளுக்கு மிகப் பழைய வழித்துணை என்று சொல்லத்தக்கது. மெல்லிய சக்கரம் பூட்டிய சைக்கிளில் விடியுமுன் புறப்பட்டு, ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கி, ஏரிக்கரைகளின் வழியே மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்பவர், இவ்வழியைப் புதிதாகக் கண்டதாக எண்ணிக்கொள்வாராயின் அவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதன் இரு முனைகளுக்கும் சங்க காலத்திலேயே தமிழ்ப் புலவர் இருவர் வழி சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மலை முனைக்கு வழி சொன்னவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். உ. வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டாக நிற்கும் மலைபடுகடாம், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத் தலைவனாகிய நன்னனிடம் கூத்தர் கூட்டமொன்றை அனுப்பி வைக்கிறது. செங்கண்மா இன்றைய செங்கம்; பாட்டில் வரும் நவிரமலை, ஜவ்வாது மலையின் கீழ்ப்புறத்தே தனித்து நிற்கும் பர்வதமலை. 583 அடிகளில் அரசன் புகழுக்குச் சிறிதும் குறைவில்லையாயினும், எனக்கு எப்போதும் வியப்பளிப்பது அப்புலவருடைய பிரயாண புத்திதான். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் பரண்மீதிருந்து எறியும் கவண்கல் எப்படி மரங்களினூடே பாய்ந்து வரும், பாசி படிந்த நீர்க்கரையில் கால் வழுக்கும் இடத்தில் எந்தச் சிறுமூங்கிலைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு போவதைப் படிக்கும்போது, அவ்வழியே தாமே இடறி விழுந்து எழுந்தவர் பேசுவதாகவே தோன்றுகிறது. வழி பிரியும் இடத்தில் தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்று அவர் சொல்வது, பின்னால் வரப்போகிற முகமறியாத புதியவர்களுக்காக. எந்தச் சிற்றூரில் தங்கினால் தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் கிடைக்கும் என்பதையும் விடாமல் சொல்லுகிறார்.

வழிகளின் பிரிவில் நடுகற்கள் நிற்பதையும் அப்பாட்டு குறிப்பிடுகிறது. அது வெறும் கற்பனையன்று என்பதற்குச் செங்கம் பிரதேசமே சாட்சி. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறையின் சார்பில் இரா. நாகசாமி 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல், பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறித்த கற்கள் பலவற்றை உலகுக்குக் காட்டியது. அவற்றுள் எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சற்று நின்று பேசியே ஆகவேண்டும். மகேந்திரவர்மனுடைய 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்பவன் ஆயுதமேந்திய கோலத்தில் அதில் நிற்கிறான். அவன் காலடியில் ஒரு நாய். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். இரண்டு கள்வரைக் கடித்து அது காத்திருந்தது என்று எழுத்து சொல்லுகிறது. சக்கரவர்த்திகளின் மெய்க்கீர்த்திகள் பக்கம் பக்கமாகக் கிடக்க, ஒரு காவல் நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த அந்தக் குக்கிராமத்தாரிடம் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

மலையில் கடுக்காய் உண்டு, புளி உண்டு, தேன் உண்டு, சாமை உண்டு. உப்பு மட்டும் இல்லை. ஆகவே நீர் இறங்குகிற திசைக்கு எதிராக உப்பு ஏறிச் செல்ல வேண்டியதாயிற்று. கழிநிலத்து உப்பை எருது பூட்டிய வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடும் பானை சட்டியோடும் கோழிக்கூட்டோடும் ஊர் ஊராகச் சென்ற உமணரைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் காட்டுகின்றன. பள்ளமும் மேடும் எங்கே வருமென்று யாருக்குத் தெரியும் என்று அஞ்சி, அவர்கள் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள். சேம அச்சு என்ற அதனை உவமையாக எடுத்து, தகடூர் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடியவர் ஔவையார். புறநானூற்றின் 102ஆம் பாட்டு அது. தகடூராகிய தருமபுரி, ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே அண்டையிலுள்ள சீமை. உப்பு வண்டிகள் அத்தனை தூரம் உள்நாடு ஏறி வந்திராவிட்டால் தகடூர்ச் சபையில் அவ்வுவமை எடுபட்டிருக்குமா? இன்று ஆசனத்தின் அடியில் மாற்று ட்யூபைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு மலையேறும் சைக்கிள்காரர் அந்த உமணருடைய வம்சமே.

பிற்காலத்தில் வழிகள் வேறு காரியங்களுக்குப் பயன்பட்டன. தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலையும் கர்நாடகச் சமவெளியையும் இணைக்கும் செங்கம் கணவாயில், 1767 செப்டம்பர் 3ஆம் தேதி ஹைதர் அலியின் சேனையும் ஆங்கிலேயக் கர்னல் ஸ்மித்தின் சேனையும் மோதின. 1805இல் சென்னை மாகாணத்து உப்பைக் கிழக்கிந்தியக் கும்பினியார் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில், பின்பு ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டபோது, மலையை வடக்கே சுற்றிக்கொண்டு போய்விட்டது. மலைவாழ் மலையாளி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள், தலைச்சுமையோடு அடிவாரச் சந்தைகளுக்கு நடந்து இறங்கினார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலைமேல் வந்து சேர்ந்த விசித்திர விருந்தாளி வானசாஸ்திரம். காவலூரின் இருண்ட இரவுகளுக்காக வானசாஸ்திரி வைணு பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே இயங்கலாயின. இப்போது ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும், போளூரிலிருந்தும், வேலூரிலிருந்து அமிர்தி வழியாகவும் தார்ச்சாலைகள் ஜமுனாமரத்தூருக்கு ஏறுகின்றன. வளைவுகளில் மூச்சு வாங்க ஏறிய சைக்கிள்காரருக்கு இறங்கும் சாலை பெரும் சுகம். ஆனால் எதிரே பஸ் வரும் என்பதை மறக்கிற சுகம் அபாயமானது.

சமவெளிக்கு வந்துவிட்டால் வழியின் சுபாவமே மாறிவிடுகிறது. செய்யாற்றின் ஓரமாகச் செல்பவர் ஏரியிலிருந்து ஏரிக்குப் போகிறார். திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, அங்கே நடந்த பாடசாலையையும் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையையும் பற்றி விவரமாகப் பேசுகிறது. பாலாற்றுக்குத் தெற்கே வேடந்தாங்கல். அவ்வூரார் தங்கள் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை யாரும் சுடக்கூடாதென்று முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து கௌல் என்னும் உறுதிச் சீட்டைப் பெற்றார்கள். பறவை எச்சத்தால் உரமேறிய ஏரி நீர் தங்கள் நெல்லுக்கு நல்லதென்று அறிந்தவர்கள் அவர்கள். அதே கலெக்டர் காலத்து மதுராந்தகம் ஏரிக்கரையைப் பற்றியும், அதைக் காத்த ராமரைப் பற்றியும் கதை வழங்குகிறது. அதை அவ்வூரார் வாயால் கேட்பதே சிறப்பு.

அப்பால் இடைக்கழிநாடு. கழிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் இம்மணற்பட்டையின் நல்லூரில் பிறந்த நத்தத்தனாரே சிறுபாணாற்றுப்படையால் கடலோர முனைக்கு வழி சொன்னவர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு அவர் காட்டும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். நல்லியக்கோடனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. கடற்கரையில் அலை ஒதுக்கிய மணமுள்ள விறகில் எரித்துச் சமைத்த கள்ளும் சுட்ட குழல்மீனும், ஓய்மானாட்டு வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும் என்று, நிலம் மாறுந்தோறும் இலையில் விழுவதும் மாறுகிறது.

மரக்காணத்தில் இன்றும் உப்பு விளைகிறது. காலால் மிதித்து இறுக்கிய பாத்திகளில் கழிநீர் தேங்கி வெயிலில் சுண்ட, நீண்ட கழியில் செருகிய பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். பாதங்களில் வெடிப்புக் கண்டவர்களுக்கு ஒவ்வொரு அடியும் எரிச்சல்தான். அருகே கிடக்கும் பக்கிங்காம் கால்வாய், 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கப்பெற்று, தெற்கே மரக்காணம் வரை நீண்டு, 1878இல் கவர்னர் பெயரைப் பெற்று, உப்பும் விறகும் நெல்லும் சுமந்த படகுகளைக் கண்டது. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் அதன் போக்குவரத்தைப் பெரிதும் குலைத்துவிட்டன. அருகேயுள்ள கழுவேலி சதுப்பு நிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

வழிப்போக்கனுக்குச் சோறிடுவது எவ்வளவு பலமான வழக்கம் என்பதை இந்நாட்டில் ஒரு சர்க்காரே சோதித்துப் பார்த்ததுண்டு. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன், அவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று எச்சரித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள்.

இக்கால நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தின் மூலம் பிரான்ஸ். பாரீஸிலிருந்து பிரெஸ்ட் வரை சென்று மீளும் ஓட்டம் 1891இல் தொடங்கிற்று. இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவ்வழி வந்த நெடுந்தூர ஓட்டங்களின் விதி. தனக்கென்று துணைவண்டி வைத்து வழியில் உபசாரம் பெறுவது விலக்கு. ஆனால் எவருக்கும் திறந்திருக்கும் கடையில் எதையும் வாங்கி உண்ணலாம் என்பதை அவ்விதியும் ஒப்புக்கொள்ளுகிறது. ஆகவே எந்த ஊரில் எந்த டீக்கடை விடியற்காலம் நான்கு மணிக்குத் திறக்கும், எந்த இட்லிக் கடைக்காரர் குடிநீர்ப் புட்டிக்குக் காசு கேட்கமாட்டார் என்ற விவரங்களை ஓட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுகிறார்கள். மரக்காணத்தில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு: புதுச்சேரி நோக்கித் தெற்கே போவதானால் வெயில் ஏறுமுன் கிளம்பிவிட வேண்டும், நண்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழுந்துவிட்டால் அவ்வளவு தூரமும் எதிர்க்காற்றுதான்.