பத்திரம் கைமாறிய இடம்

தாம்பரம், பல்லாவரம் வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிப்பாசனக் கிராமங்களாக இருந்த காலத்தில், வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அனுபவிக்கும் போக்கியமும், தவணை தவறினால் ஈடே விற்பனையாகிவிடும் நிபந்தனைக் கிரயமும் தமிழ்நாட்டில் பரவலாக வழங்கின. தவணை கடந்தாலும் கடனாளி நிலத்தை மீட்கலாம் என்று 1858இலிருந்து அன்றைய மேல்முறையீட்டு மன்றமான சென்னை சதர் நீதிமன்றம் கொண்டிருந்த நிலையை, ஒப்பந்தத்தின் வாசகமே செல்லும் என்று கூறி இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1870இல் மறுத்தது. கடனாளியின் பக்கம் நின்று பார்த்தால் அது கடுமையான தீர்ப்பே. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், தன் 60ஆம் பிரிவில், மீட்கும் உரிமையை எழுத்தில் நிலைநிறுத்தியது.

அதே சட்டம் சென்னை, கல்கத்தா, பம்பாய் போன்ற நகரங்களுக்கு மட்டும் ஒரு சலுகை அளித்தது: மூலப்பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஈடு வைக்கும் எண்ணத்துடன் ஒப்படைத்தாலே, பதிவு செய்த ஆவணம் இல்லாமலும் அடமானம் உண்டாகும். நிலம் எங்கே உள்ளது என்பதல்ல, பத்திரம் எங்கே கைமாறியது என்பதே இதற்கு அளவுகோல் என்பதால், தாம்பரத்து வயலின் பத்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுபோய் ஜார்ஜ் டவுன் கடையொன்றில் கொடுத்தால் ஈடு செல்லும். அதே பத்திரத்தை அன்று நகர எல்லைக்கு வெளியே இருந்த ஊரிலேயே கொடுத்திருந்தால் செல்லாது. ஆகவே சாட்சிக் கூண்டில் ஏறியவரிடம், கடன் தொகைக்கு இணையாக, பத்திரம் கொடுத்த இடமும் கேட்கப்பட வேண்டியதாயிற்று.

ஈடு உண்டாவதற்குப் பத்திரம் கைமாறிய இடம் அளவுகோல் என்றால், அதைக் கைப்பற்றுவதில் நிலத்தின் தன்மையும் கணக்கில் வருகிறது: வங்கிகள் நீதிமன்றம் செல்லாமலே ஈட்டைக் கைப்பற்ற வழிசெய்த 2002ஆம் ஆண்டுச் சட்டம், அதன் 31ஆம் பிரிவின்படி, விவசாய நிலத்துக்குப் பொருந்தாது.