திருநூல்களின் தொகை

உவரிக் கரைக்கு அண்மையில் நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், மாணவர் இருவர் ஒரு வழக்கோடு என்னிடம் வந்தனர். கடற்கரைக் கத்தோலிக்கப் பிள்ளை தன் வீட்டு விவிலியத்தில் 73 நூல்கள் என்றான். உள்நாட்டுச் சீர்திருத்த சபைப் பிள்ளை தன் வேதாகமத்தில் 66 என்றான். "எது சரி, ஐயா?" என்றனர். அவர்களுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

1542-இல் சவேரியார் இக்கரைக்கு வந்தபோது பரதவர் கையில் அச்சிட்ட தமிழ் நூல் ஒன்றும் இல்லை. செபங்களை மனப்பாடமாகவே கற்றனர். அன்றீக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறிற்று. சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. வழிபாடு முந்திற்று, நூல் பிந்திற்று.

ஆதித் திருச்சபையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பவுலின் நிருபங்கள் ஊர்தோறும் படியெடுக்கப்பட்டுச் சபை நடுவே வாசிக்கப்பட்டன. பட்டியல் ஏதும் இல்லை. ஏறத்தாழ 144-இல் மார்சியோன் என்பார் எபிரேய மறைநூல்களை விலக்கி, லூக்கா நற்செய்தியையும் பவுலின் நிருபங்கள் பத்தையும் மட்டுமே, அவற்றையும் திருத்தி, ஏற்றார். எவை நம் நூல்கள் என்ற கேள்வி அதனால் கூர்மை பெற்றது. 303-இல் தியோக்கிளேசியப் பேரரசன் மறைநூல்களை எரிக்க ஆணையிட்டான். எந்த ஏட்டை ஒப்படைக்கலாம், எதற்காக உயிரையே ஈயலாம் என்று அறிவது அன்று வெறும் ஏட்டுக் கல்வியன்று.

அப்போஸ்தலர் வழி வந்ததா, வழிவழி வந்த விசுவாசத்தோடு ஒத்ததா, எங்கும் வாசிக்கப்படுவதா என்பனவே அளவுகோல்கள். எபிரெயர், யாக்கோபு, வெளிப்படுத்தல் முதலியவை பற்றி நெடுங்காலம் ஐயம் இருந்தது. இன்றுள்ள 27 நூல்களையும் 367-ஆம் ஆண்டுத் தம் நிருபத்தில் வரிசைப்படுத்தியவர் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார். 397-இல் கார்த்தேசுச் சங்கமும் அவற்றையே ஏற்றது.

ஆகவே புதிய ஏற்பாட்டில் அப்பிள்ளைகளுக்குள் வேற்றுமையே இல்லை. பிணக்கு, பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் வழங்கிய ஏழு நூல்களைப் பற்றியது. லூத்தர் 1534-இல் அவற்றைத் தனியே பிரித்து வைத்தார். திரெந்துச் சங்கம் 1546-இல் அவற்றைத் திருநூல்களாகவே உறுதிசெய்தது. 1995-இல் இரு சபையாரும் கூடி வெளியிட்ட தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில் அவை 'இணைத் திருமுறை' என்னும் பெயரோடு இடம் பெற்றன.

சங்கங்கள் பட்டியலிட்டன, ஆனால் அதற்கு முன்பே, வாசித்தும் கேட்டும் காத்தும் அந்நூல்களை அடையாளங்கண்டவர்கள் எளிய மக்கள். இதைக் கேட்ட பிள்ளைகள் இருவரும் மறுநாள் தத்தம் புத்தகங்களைக் கொணர்ந்து, ஒரே பலகையில் அமர்ந்து எண்ணிப் பார்த்தனர்.